வேடமும் வாழ்வும்

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அண்மையில் நாம் ஒரு காட்சியைக் கண்டோம். காலை ஒன்பது மணி இருக்கும். பனி விலகி வெயில் ஏறத் தொடங்கிய வேளை. வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் நால்வர் வண்டியிலிருந்து இறங்கினர். அவர்களுள் இரு பெண்களுக்குச் சேலை உடுத்தி, இடுப்பில் படங்கு கட்டி, கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிவிட்டனர். வழிகாட்டி நிரையைக் காட்டினார். அவர்கள் கொழுந்து பறித்தனர், சிரித்தனர், படம் எடுத்துக்கொண்டனர். அரை மணி நேரத்தில் யாவும் முடிந்தன. சேலை களையப்பட்டது, கூடை இறக்கப்பட்டது, வண்டி எல்லவை நோக்கிப் புறப்பட்டது.

அக்கூடைகளுள் ஒன்று அந்த மலையில் வேலைசெய்யும் ஓர் அம்மையாருடையது. விருந்தினர் எப்படிப் பறித்தார்கள் என்று அவரிடம் கேட்டோம். "நல்லாத்தான் பறிச்சாங்க சார். ஆனா முத்தலும் காம்புமா போட்டுட்டுப் போயிட்டாங்க. இத நான் பொறுக்கி எடுக்கணும். இல்லாட்டி நிறுவையில கழிச்சுருவாங்க" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கையோ பேசும்போதே கூடைக்குள் முற்றல் இலையைத் தேடிக்கொண்டிருந்தது.

இந்தச் சிறு சம்பவம் எம்மை ஒரு பெரிய கேள்வியின் முன் கொண்டுபோய் நிறுத்திற்று. ஒருவர் உழைப்பை மற்றொருவர் வேடமாக அணிந்து விளையாடலாமா? அது குற்றமா, அன்றி மனிதருக்கு இயல்பான மகிழ்ச்சியா? உல்லாசப் பூங்காக்களும் வேடமேற்று ஆடும் வீடியோ விளையாட்டுகளும் உலகெங்கும் பெருந்தொழில்களாக வளர்ந்துவிட்ட இக்காலத்தில், ஊவா மலைகளில் வாழும் நாம் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது.

வேடம் இடுதல் குற்றம் என்று கூற நாம் முன்வரவில்லை. அவ்வாறு கூறினால் எமது மக்களின் கலையையே நாம் மறுத்தவராவோம். மாசி மாதம் பிறந்ததும் தோட்டங்களில் காமன் ஊன்றுகிறார்கள். பகல் முழுவதும் கவ்வாத்து வெட்டியவன் இரவில் மன்மதனாகிறான். முள்ளுக்குத்தியவன் இரதியாகிச் சேலையும் வளையலும் பூணுகிறான். எமனும் வீரபத்திரனும் லயத்து முற்றத்திற்கு இறங்கி வருகிறார்கள். தப்பு முழங்குகிறது. சிவனின் நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிய, இரதி புலம்ப, முற்றம் முழுவதும் அழுகிறது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இவ்வாறே ஆடப்படுகின்றன. தபசு மரத்தில் ஏறும் அருச்சுனன் மறுநாட் காலையில் பெரட்டுக்குப் போகவேண்டியவன்தான்.

இந்த வேடங்களில் கவனிக்கத்தக்கவை இரண்டு உண்டு. முதலாவது, வேடத்தை இடுபவன் அதனைத் தானே விரும்பி ஏற்கிறான், விரதமிருந்து ஏற்கிறான், ஆட்டம் முடிந்ததும் தானே களைகிறான். இரண்டாவது, அவன் அணியும் வேடத்தால் வேறெவரும் சிறுமைப்படுவதில்லை. இரதியாக அழுத ஆண்மகன், பெண்ணின் துயரத்தை ஓர் இரவேனும் தன் குரலில் தாங்குகிறான். பார்த்திருப்போரும் ஆடுவோரும் ஒரே லயத்தவர். மேடை என்று தனியாக ஒன்று அங்கு இல்லை. ஆதலால் வேடத்தை எடைபோட எமது மக்களின் கூத்தே நல்ல அளவுகோலை எம் கையில் தருகிறது. ஆட்டத்தில் நிற்கும் அனைவருக்கும் வேடத்தைக் களையும் உரிமை உண்டா? இந்த ஒரு கேள்வியை உல்லாசப் பூங்காவிடமும் வீடியோ விளையாட்டிடமும் கேட்டுப் பார்ப்போம்.

1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வால்ட் டிஸ்னி தமது உல்லாசப் பூங்காவைத் திறந்தார். திரைப்படத்தில் கண்ட உலகினுள் காசு கொடுத்து நடந்து திரியலாம் என்பது அதன் புதுமை. அங்கு மற்றுமொரு புதுமையும் வேரூன்றியது. பூங்காவில் வேலைசெய்வோரைத் தொழிலாளர் என்று அழைப்பதில்லை. நடிகர் குழுவினர் என்றே அழைப்பர். சீட்டுக் கிழிப்பவரும் குப்பை கூட்டுபவரும் அவ்வாறே அழைக்கப்படுவர். வேலைக்களம் மேடை எனப்பட்டது, சீருடை வேடம் எனப்பட்டது, புன்னகை கடமையாயிற்று. உழைப்பை நடிப்பு என்று பெயர் மாற்றிவிட்டால் களைப்பைப் பற்றிப் பேச இடமில்லாது போகும் அன்றோ! ஆயினும் உண்மை வேடத்தினுள்ளே நெடுங்காலம் அடங்கிக் கிடக்கவில்லை. அதே பூங்காவில் மிக்கி எலி முதலான பாத்திரங்களின் உடைக்குள் நின்று குழந்தைகளைத் தழுவுகின்ற கலைஞர்கள், 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். முகமூடிக்குள் இருப்பவருக்கும் முதுகுவலி உண்டு என்பதை அவர்கள் உலகிற்கு உணர்த்தினர்.

1999இல் மெக்சிக்கோ நகரில் தொடங்கிய 'கிட்சானியா' என்னும் பூங்கா இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2013இல் அது மும்பாய்க்கும் வந்தது. அங்கு குழந்தைகள் வேலைசெய்து விளையாடுகிறார்கள். ஒரு குழந்தை வங்கியாளர். ஒரு குழந்தை விமானி. ஒரு குழந்தை மருத்துவர். ஒவ்வொரு கூடத்தின் வாயிலிலும் உண்மையான கம்பனி ஒன்றின் பெயர்ப்பலகை தொங்குகிறது. வேலைக்குக் கூலியாக விளையாட்டுப் பணம் கிடைக்கிறது. இதைப் படிக்கும்போது ஊவாவில் பிறந்த எமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. இந்நாட்டில் 1927ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ், தோட்டங்களில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம், குழந்தைக்கு ஒரு சம்பளம் என மூன்று வகைகள் வகுக்கப்பட்டன. எமது பாட்டிமாரும் குழந்தைப் பருவத்தில் வேலை பார்த்தனர். அவர்களை எவரும் நுழைவுச்சீட்டுக் கொடுத்து உள்ளே விடவில்லை. மாலையில் வாயிலில் பெற்றோர் காத்திருந்து அழைத்துச் செல்லவுமில்லை.

வணிகப் பெயரைச் சூடிய உல்லாசத்தலம் அமெரிக்காவிலும் மும்பாயிலும்தான் உண்டென்று எண்ணவேண்டாம். கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளையை அடுத்த தம்பேதன்ன தோட்டத்தையும் பிறவற்றையும் வாங்கினார். அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் மலையுச்சி இன்று 'லிப்டன் ஆசனம்' என்ற பெயரில் பயணிகளை ஈர்க்கிறது. அமர்ந்த கோலத்தில் அவருக்குச் சிலையும் உண்டு. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிருவாகத்திற்குச் சென்றன. உடைமை மாறியது; மலையுச்சியின் பெயர் மட்டும் மாறவில்லை. அந்த மலையைக் காடு வெட்டித் திருத்தியவர், கல் புரட்டி வழி சமைத்தவர், தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நின்றவர் ஆகியோருக்கு அங்கு ஆசனம் ஏதும் இல்லை. அமர்ந்தவர் பெயர் நின்றது. நின்றவர் பெயர் நிற்கவில்லை.

பதுளை வரை 1924இல் வந்து சேர்ந்த இருப்புப்பாதையும் இன்று காட்சிப்பொருளாகிவிட்டது. தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தில் புகைவண்டி வரும் நேரம் பார்த்துப் பயணிகள் கூடுகிறார்கள். எல்லவில் தேயிலைச் செடிகளின் தலைக்கு மேலே கம்பி கட்டி, அதில் மனிதர் தொங்கிப் பறக்கும் கேளிக்கைக்கு இராவணன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மேலே பறப்போர் கூச்சலிடுகிறார்கள். உல்லாசப் பூங்காவின் இன்பத்தில் பெரும்பகுதி பொய்யச்சத்தில் அடங்கியிருக்கிறது. விழுவது போலிருக்கும், விழமாட்டோம். இடுப்பில் வார் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் அதே மலைத்தொடரில் உண்மை அச்சத்தோடு உறங்குவோர் உளர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளி சென்று திரும்புவதற்குள் வீடுமில்லை, பெற்றோருமில்லை என்ற நிலை சில குடும்பங்களுக்கு நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலின்போதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. மனித உயிர்கள் மண்ணுள் மறைந்தன. பயணி கண்டு வியக்கும் சரிவு எதுவோ, அச்சரிவின் மடியிலேதான் லயம் இருக்கிறது. ஒருவருக்கு அழகாகத் தோன்றும் நிலம் மற்றொருவருக்கு ஆபத்தாக இருப்பது இயற்கையின் விதியன்று. பாதுகாப்பான இடத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கேட்டுப் பெற முடியாத நிலையின் விளைவு அது.

இங்கே நண்பர் ஒருவர் எம்மை மறித்துக் கேட்கக்கூடும்: "உல்லாசப் பயணத்தால் மலையகத்திற்குப் பணம் வரவில்லையா? எல்லவில் விடுதி நடத்துவோருக்கும், முச்சக்கரவண்டி ஓட்டுவோருக்கும், தோட்டத்து இளைஞர் பலருக்கும் அதனால் பிழைப்புக் கிடைக்கவில்லையா? கொழுந்து பறித்துப் பார்த்த அந்நியப் பெண், அவ்வேலை எவ்வளவு கடினம் என்பதை அறிந்துதானே செல்கிறாள்? அதனால் உழைப்பிற்கு மதிப்புக் கூடாதா?"

இவ்வாதத்தை நாம் அலட்சியமாக ஒதுக்கமாட்டோம். அப்பயணிகள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுள் ஒருவர் இறங்கிவந்து, தம் கழுத்தைத் தடவியவாறு அவ்வம்மையாரை வணங்கிச் சென்றதையும் நாம் கண்டோம். உழைப்பின் ஒரு துளியையேனும் தோளில் உணர்வது, புட்டியில் அடைத்த தேயிலையை மட்டும் அறிந்திருப்பதைவிட மேலானதே. பிழைப்பு வேண்டும் என்பதையும் எவர் மறுப்பார்?

எனினும் கணக்கைப் பார்ப்போம். கொழுந்து பறித்துப் பார்க்கும் அனுபவத்திற்குப் பயணி கட்டணம் செலுத்துகிறார். அவ்வனுபவத்தை அனுபவமாக்குவது எது? பச்சை மலையும் அதில் அசையும் வண்ணச் சேலைகளும். அச்சேலைகளை உடுத்தியோர் தாம் அறியாமலே அந்த நாடகத்தின் நடிகர் குழுவினராகிவிட்டனர். அவர்கள் முகமின்றிப் படம் இல்லை; படமின்றி வணிகம் இல்லை. ஆனால் அந்த நடிப்பிற்கு அவர்கள் சம்மதம் கேட்கப்பட்டதில்லை, கூலி பேசப்பட்டதில்லை. விளம்பரத்தில் அவர்கள் சிரிக்கிறார்கள். சம்பளச் சீட்டில் அந்தச் சிரிப்பிற்குரிய நிரல் இல்லை. அவர்களது நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட்டதே 2021ஆம் ஆண்டில்தான். அதுவும் ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின்னர். அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது 2024இல். டிஸ்னியின் நடிகர் வேடத்தைக் களைந்து வைத்துவிட்டு வீடு செல்கிறார். ஊதியம் போதாவிடில் சங்கம் சேர்ந்து வாதாடுகிறார். நம் அம்மையார் வேடம் அணியவே இல்லை. அவருடைய வாழ்வே வேடமாக்கி வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அநீதி இருப்பது இங்கேதான். பயணி சேலை உடுத்தியதில் அது இல்லை.

இனி வீடியோ விளையாட்டிற்கு வருவோம். இன்று பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கத்து லயங்களில் கைத்தொலைபேசி இல்லாத இளைஞரைக் காண்பது அரிது. இரவில் திண்ணையில் அமர்ந்து அவர்கள் வேற்றுலகங்களில் அலைகிறார்கள். ஆசிரியர்கள் சலித்துக்கொள்கிறார்கள், முற்போக்காளர்கள் "மக்களை மயக்கும் அபின்" என்று ஒரு சொல்லில் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். இத்தீர்ப்பு அவசரமானது என்பது எமது கருத்து.

வேடமேற்று ஆடும் விளையாட்டு என்பது யாது? 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டிலிருந்து அது கிளைத்தது. 1980களில் ஜப்பானிய விளையாட்டுகள் அதனை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தன. விளையாடுபவன் முதலில் தனக்கொரு பாத்திரத்தைத் தேர்ந்துகொள்கிறான்: வீரன், மந்திரவாதி, கள்வன், மருத்துவன். பின்னர் பயணம் செய்து, போராடி, புள்ளிகள் ஈட்டி, படிப்படியாக உயர்கிறான். தோட்டத்து இளைஞன் ஒருவனுக்கு இதில் என்ன கவர்ச்சி என்று கேட்பவர், அவன் வாழ்வில் எதைத் தேர்ந்துகொள்ள அவனுக்கு இதுவரை வாய்ப்பிருந்தது என்பதையும் கேட்கவேண்டும். அவன் தாயின் உழைப்பு கிலோவால் அளக்கப்படுகிறது. குறித்த நிறை பறித்தால் அன்றைய 'பேர்' விழும். குறைந்தால் 'அரைப் பேர்'. ஒரு மனிதப்பிறவியின் பெயரையே பாதியாக வெட்டும் சொல் வேறெந்தத் தொழிலில் உண்டோ நாம் அறியோம். வாழ்வில் அரைப் பேர் பெற்றவரின் மகன், விளையாட்டிலேனும் முழுப்பெயரோடு உலாவ விரும்புகிறான். அந்த விருப்பத்தை நாம் இகழலாகாது.

2016இல் வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கம்பனி அலுவலகத்தில் சலித்துப்போன ஒருவன், தன் பாட்டனார் விட்டுச்சென்ற பண்ணைக்குத் திரும்புகிறான். நிலத்தைக் கொத்துகிறான், விதைக்கிறான், விளைந்ததை விற்கிறான், வீட்டைப் பெருப்பிக்கிறான். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விரும்பிய கதை இது. மாணவர் ஒருவர் இதனைத் தம் தொலைபேசியில் எமக்குக் காட்டினார். "இதில் உனக்குப் பிடித்தது எது?" என்று வினவினோம். சற்று யோசித்து, "தாத்தாவோட காணி இருக்கே சார், அது" என்றார்.

அம்மாணவரின் பாட்டனாரும் நிலத்தைக் கொத்தியவரே. பாட்டனாரின் பாட்டனாரும் அவ்வாறே. ஆயின் பேரனுக்கு விட்டுச்செல்ல அவரிடம் ஒரு சாண் மண்ணும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம், இரு அரசுகள் பங்கிட்டுக்கொண்ட ஓர் எண்ணிக்கையாக அவரை ஆக்கிற்று. ஏழு பேர்ச் காணிக்கும் அதன் உறுதிப் பத்திரத்திற்கும் பேரப்பிள்ளைகள் இன்னும் குரலெழுப்புகிறார்கள். தொலைபேசித் திரையிலே ஒரு பண்ணை விளைகிறது. அத்திரையைப் பிடித்திருக்கும் கைக்கு வாழை நட ஓரிடம் இல்லை.

ஆகவே விளையாட்டு பொய் சொல்கிறது என்று மட்டும் நாம் கூறமுடியாது. இளைஞன் உள்ளத்திலுள்ள உண்மையான வேட்கை ஒன்றை அது கண்டுபிடித்திருக்கிறது. அதன் குறை வேறிடத்தில் உள்ளது. அங்கே பாத்திரத்தைத் தேரலாம். விதியைத் தேர முடியாது. புள்ளிகளை ஈட்டலாம், புள்ளி எதற்கு வழங்கப்பட வேண்டுமென்று தீர்மானிக்க முடியாது. பெரும்பாலான விளையாட்டுகளில் உயர்வு என்பது தனியொருவன் உயர்வே. தோழர்கள் உண்டு; ஆனால் அவர்கள் நாயகனுக்குத் துணை. தனித்து உழைத்தால் தனித்து உயரலாம் என்ற நம்பிக்கை, இரவுதோறும் ஒரு பாடம் போல் உள்ளத்தில் பதிகிறது. மலையகத்தின் வரலாறோ இதற்கு நேர்மாறான பாடத்தை வைத்திருக்கிறது.

1939, 1940ஆம் ஆண்டுகளில் மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் தொழிலாளர்கள் தமக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரையும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆளும் வேடம் துரைக்கு, பணியும் வேடம் கூலிக்கு என்று எழுதப்பட்டிருந்த நாடகத்தை அவர்கள் சில காலமேனும் திருத்தி எழுதினர். பின்னர் அடக்குமுறை வந்தது, அலை தணிந்தது. ஆனால் எழுதியதைத் திருத்தலாம் என்பது தெரிந்துவிட்டது. எந்த வீடியோ விளையாட்டிலும் காணப்படாத ஏற்றம் அது. ஒருவனும் தனித்து ஏறவில்லை.

வேடம் மனிதரை விழிக்கச் செய்யும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. மலையக மக்கள் இந்நாட்டிற்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். மூதாதையர் பசியோடும் நோயோடும் நடந்து, வழியில் விழுந்து மாண்ட பாதை அது. இவர்களும் ஒருவகையில் வேடமே ஏற்றனர். பாட்டன் பாட்டியாகி நடந்தனர். கட்டணம் இல்லை, வணிகப் பெயர்ப்பலகை இல்லை. நடந்து முடித்தபோது கையில் கோரிக்கைகள் இருந்தன. மறப்பதற்காக அணியும் வேடமும் நினைவதற்காக அணியும் வேடமும் ஒன்றாகா.

அவ்வாறாயின் நாம் செய்யவேண்டுவது யாது? பயணிகளை விரட்ட வேண்டியதில்லை. தொலைபேசியைப் பறிக்க வேண்டியதுமில்லை. மலையைக் காட்டி ஈட்டும் வருவாயில் அம்மலையை உருவாக்கியோருக்குப் பங்கு வேண்டும் என்று கேட்போம். தம்மைப் படமெடுக்கவும் தம் கூடையை வாடகைக்கு விடவும் இணங்குவதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை அப்பெண்களுக்கே வேண்டும் என்று கேட்போம். பயணிகளுக்கு மலையைச் சுற்றிக்காட்டுவோர் லயத்தவராகவே இருக்கட்டும். லிப்டனின் கதையோடு வேவெஸ்ஸவின் கதையையும் மீரியபெத்தையின் கதையையும் அவர்கள் கூறட்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் தனிக்கடமை உண்டு. கணினி விளையாட்டைச் செய்யும் கலை இன்று இளைஞர் எட்டக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் சமையலையும் தனிமையையும் கதையாக்கிய 'வெண்பா' என்ற விளையாட்டு 2023இல் வெளிவந்து, மறு ஆண்டே பிரித்தானியாவின் பாஃப்டா விருதினைப் பெற்றது. தமிழ் வாழ்வு அதற்குத் தடையாகவில்லை, பொருளாகவே அமைந்தது. காமன் கூத்தைக் கட்டிக்காத்த சமூகத்தின் பிள்ளைகளுக்குப் பாத்திரம் படைக்கத் தெரியாதா? ஆயத்தமாக விற்கப்படும் வேடத்தை அணிவதோடு நில்லாது, தம் மலையின் கதையையும் அக்கதையின் விதிகளையும் தாமே எழுதும் துணிவை வகுப்பறையில் அவர்களுக்கு ஊட்டுவோம். கூத்தாகட்டும், கணினித் திரையாகட்டும், கருவி எதுவாயினும் சரியே.

நாம் அந்தத் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டபோது, அம்மையார் முற்றலைப் பொறுக்கி முடித்துவிட்டிருந்தார். கயிற்றை மீண்டும் உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு நிரையில் ஏறினார். மத்தியான நிறுவைக்கு இன்னும் பல கிலோ தேவை என்றார். அன்று அவருக்குப் பேர் விழுந்ததா, அரைப் பேர் விழுந்ததா என்பதை அறிய நாம் அங்கு தங்கவில்லை. நாமும் ஒருவகையில் பார்த்துவிட்டுப் போகும் பயணிகளாகத்தான் வந்திருந்தோம் என்ற நினைவு, பதுளை வந்து சேரும்வரை எம்மை விட்டகலவில்லை.